இரசாயனவியலோடு நாடகமும் எடுக்கலாமா?

"ரீச்சர், நாங்கள் லண்டனில் ஹரோவில் இருக்கிறோம். மகளுக்கு 16 வயது, இந்த வருடம் ஜிசிஎஸ்ஈ எழுதுகிறாள். விஞ்ஞான பாடங்களுக்கு 8, 9 என்ற உயர்ந்த தரங்கள் வரும் என்று பாடசாலையில் சொல்கிறார்கள். டொக்டராக வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வந்தவள், இப்போதும் அதைத்தான் சொல்கிறாள். ஆனால் சிக்ஸ்த் ஃபோர்முக்கு உயிரியல், இரசாயனவியல், அதோடு 'நாடகமும் அரங்கும்' என்று படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டாள். இவர் கணிதம்தான் எடுக்க வேண்டும் என்கிறார். 'கூத்தாடவா இங்கே வந்தனாங்கள்?' என்று ஒரு நாள் கத்தியும்விட்டார். அன்றிலிருந்து இரண்டு பேரும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. ஊரில் பயோ படிக்கிற பிள்ளை நாடகம் எடுத்ததை நான் கண்டதில்லை. இது அவளுடைய எதிர்காலத்தைக் கெடுத்துவிடுமா? இன்னொன்றும் இருக்கிறது. என்னுடைய அப்பா ஊரில் காத்தவராயன் கூத்தில் ஆடியவர். மகளுக்கு இதுவரை சொல்லவில்லை. சொன்னால் இவர் இன்னும் கோபப்படுவாரோ என்று பயமாக இருக்கிறது."

அன்பின் தங்கச்சி,

எடுக்கலாம். உயிரியல், இரசாயனவியல், நாடகம் என்ற இந்த மூன்றோடு மருத்துவத்துக்கு விண்ணப்பிக்க முடியும். அதை முதலில் சொல்லிவிட்டால் உங்களுக்கு மூச்சு வரும் என்று நினைக்கிறேன். மற்றதை ஆறுதலாகக் கதைப்போம்.

உங்கள் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். நானும் அந்த முறைக்குள் படித்து வந்தவள்தான். ஊரில் உயர்தரம் என்றால் பிரிவு. பயோ, மட்ஸ், கொமர்ஸ், ஆர்ட்ஸ் என்று அப்போது நான்கு கதவு, ஒன்றுக்குள் போனால் மற்றது பூட்டு. நாடகமும் அரங்கியலும் அங்கே கலைப்பிரிவுப் பாடம். பயோ பிள்ளை அதை எடுக்க நினைத்தாலும் வழியில்லை. அதனால் "நாடகம்" என்ற சொல்லைக் கேட்டதும் மகள் மருத்துவத்தைக் கைவிட்டுக் கலைப்பிரிவுக்குப் போய்விட்டாள் என்று உங்கள் மனம் கணக்குப் போடுகிறது. இங்கிலாந்தில் ஏ லெவல் என்கிற உயர்தரத்தில் அப்படிப் பிரிவு கிடையாது. பெரும்பாலான பிள்ளைகள் மூன்று பாடம் எடுக்கிறார்கள். நேரசூசி இடம் கொடுத்தால் எதோடும் எதையும் சேர்க்கலாம். மகள் கதவு எதையும் மாற்றவில்லை. மூன்றாவது நாற்காலியில் யாரை இருத்துவது என்பதுதான் கேள்வி.

அந்த நாற்காலி மருத்துவத்துக்கு எவ்வளவு முக்கியம்? பெரும்பாலான மருத்துவ பீடங்கள் இரசாயனவியலைக் கேட்கின்றன, அதோடு உயிரியலை அல்லது வேறொரு விஞ்ஞான பாடத்தைக் கேட்கின்றன. மூன்றாவது பாடத்தைப் பல இடங்களில் பிள்ளையின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறார்கள். சில பாடங்களைத்தான் ஏற்பதில்லை. ஒரு விதிவிலக்கை மறைக்காமல் சொல்கிறேன். கேம்பிரிட்ஜில் மருத்துவத்துக்கு விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலானோர் மூன்று விஞ்ஞான, கணித பாடங்களோடுதான் வருகிறார்கள். மகளின் மனதில் கேம்பிரிட்ஜ் இருந்தால் மூன்றாவது இடத்தில் கணிதமோ பௌதிகவியலோ இருப்பது நல்லது. இல்லையென்றால், அவள் விரும்பும் நாலைந்து பல்கலைக்கழகங்களின் இணையத்தளங்களை அவளோடு சேர்ந்து இருந்து பாருங்கள். எந்த ஆண்டு அனுமதிக்கான நிபந்தனை என்பதையும் கவனியுங்கள், வருடத்துக்கு வருடம் மாற்றுவார்கள். ஒரு மாலை நேரம் போதும். நான் சொன்னதை நம்புவதைவிட அது உங்களுக்கு நிம்மதி தரும்.

"நாடகத்தைப் பல்கலைக்கழகங்கள் மதிப்பதில்லை" என்ற கதையும் உங்கள் காதில் விழுந்திருக்கும். அது ஒரு காலத்தில் வெறும் வதந்தி இல்லை. ரசல் குரூப் என்று கூட்டாக இயங்கும் முன்னணிப் பல்கலைக்கழகங்கள், அதிகக் கற்கைநெறிகளுக்கு வழிவிடும் பாடங்கள் என்று ஒரு பட்டியலை வைத்திருந்தன. அதில் நாடகம் இருக்கவில்லை. அந்தப் பட்டியலை 2019இல் அவர்களே கைவிட்டுவிட்டார்கள். பட்டியல் போய்விட்டது, கதை மட்டும் ரியூஷன் வாசல்களில் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. புள்ளிக் கணக்கிலும் வித்தியாசமில்லை. பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் அமைப்பின் முறையில் கணிதத்தில் எடுத்த ஏ தரத்துக்கும் 48 புள்ளி, நாடகத்தில் எடுத்த ஏ தரத்துக்கும் 48 புள்ளி.

உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் உள்ள ஒரு இடம் இருக்கிறது. பொறியியல், கணினி விஞ்ஞானம், எல்எஸ்ஈ என்கிற லண்டன் பொருளியல் கல்லூரியில் பொருளியல் போன்றவற்றுக்குக் கணிதம் இல்லாமல் போவது கடினம். 16 வயதில் டொக்டர் என்று சொல்கிற பிள்ளை 17 வயதில் வேறொன்று சொல்லலாம். ஆகவே மகளிடம் ஒரு கேள்வியை மட்டும் கேட்கச் சொல்லுங்கள்: "மருத்துவம் சரிவராவிட்டால் நீ எதைப் படிக்க விரும்புவாய்?" உளவியல், உயிர்வேதியியல், சட்டம் என்று வந்தால் நாடகம் எந்தத் தடையும் செய்யாது. பொறியியல், பொருளியல் என்று வந்தால் தகப்பன் சரி. கணிதத்தை எடுத்துவிட்டு, நாடகத்தைப் பாடசாலை நாடகக் குழுவிலோ நாஷனல் யூத் தியேட்டர் போன்ற இடத்திலோ வைத்துக்கொள்ளலாம். 1956இலிருந்து இயங்கும் அமைப்பு அது, 14 வயதிலிருந்து சேர்க்கிறார்கள்.

"சரி, அப்படியென்றால் நாலு பாடமும் எடுக்கட்டும்" என்று யாராவது சமரசம் பேசுவார்கள். வேண்டாம். இரசாயனவியல், உயிரியல், கணிதம் மூன்றோடு நாடகத்தையும் தூக்கிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புத் தை மாதத்துக்குள் கண்ணுக்குக் கீழே கறுத்துவிடும், பிறகு ஏதோ ஒன்றை அழுதுகொண்டு விடுவார்கள். விடுவது எப்போதும் நாடகமாகத்தான் இருக்கும். அதற்குள் அவர்களை நம்பியிருந்த குழு பாதி வழியில் நிற்கும்.

இனி, பாடத்துக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். "கூத்தாடவா" என்று கேட்டவருக்கும் இது தெரிந்திருக்காது.

நான் 19 வருடம் இந்தப் பாடத்தைக் கற்பித்தேன். இப்போதுள்ள பாடத்திட்டம் 2016இல் தொடங்கியது, அதன்படி முதற் பரீட்சை 2018இல் நடந்தது. எங்கள் பாடசாலை எட்எக்ஸெல் என்ற பரீட்சைச் சபையின் பாடத்திட்டத்தை எடுத்திருந்தது. அதில் புள்ளிகள் எப்படிப் பிரிகின்றன என்று பாருங்கள். முதற்பகுதிக்கு 40 வீதம். பிள்ளைகள் தாங்களே ஒரு குழுவாகக் கூடி, எழுத்துரு இல்லாமல் தொடங்கி, புதிதாக ஒரு நாடகத்தை உருவாக்க வேண்டும். அதற்கான 80 புள்ளிகளில் மேடையில் செய்யும் ஆற்றுகைக்கு 20தான். மற்ற 60, போர்ட்ஃபோலியோ என்கிற எழுத்துக் கோப்புக்கு. ஏன் இந்த முடிவை எடுத்தோம், எது சரிவரவில்லை, எதை மாற்றினோம் என்று 2,500 முதல் 3,000 சொற்கள் வரை எழுத வேண்டும். இரண்டாம் பகுதிக்கு 20 வீதம். எழுதப்பட்ட நாடகங்களிலிருந்து குழுவாக ஒரு காட்சியும், தனியாகவோ இருவராகவோ ஒரு பகுதியும் செய்வார்கள். வெளியிலிருந்து ஒரு பரீட்சகர் வந்து முன்னுக்கு இருந்து பார்ப்பார். மூன்றாம் பகுதி இரண்டரை மணி நேர எழுத்துப் பரீட்சை. அதற்கு 40 வீதம்.

கூட்டிப் பாருங்கள். மேடையில் நின்று செய்வதற்கு மொத்தத்தில் 30 வீதம். எழுதுவதற்கு 70. நாடகம் எடுத்தால் படிக்காமல் தப்பலாம் என்று வருகிற பிள்ளைகள் முதல் தவணையிலேயே திகைத்துப் போவது இதனால்தான். மற்றப் பரீட்சைச் சபைகளில் பங்கீடு கொஞ்சம் வேறுபடும், ஆனால் எழுத்துப் பரீட்சைக்கு 40 வீதம் என்பது எல்லாவற்றுக்கும் பொது.

அந்த எழுத்துப் பரீட்சையில் ஒரே பிள்ளை மூன்று தலையோடு யோசிக்க வேண்டும். நேரில் பார்த்த ஒரு நாடகத்தை மதிப்பிட வேண்டும். படித்த நாடகம் ஒன்றின் பகுதியைக் கொடுத்து, இந்த இடத்தில் நடிகராக நீ என்ன செய்வாய், ஒளியமைப்பாளராகவோ வேட உடை அமைப்பவராகவோ என்ன செய்வாய் என்று கேட்பார்கள். கடைசியில் இன்னொரு நாடகத்தை நெறியாளராக இன்றைய பார்வையாளர்களுக்கு எப்படிக் கொண்டுவருவாய், அது முதன்முதலில் ஆடப்பட்ட காலத்தில் எப்படி ஆடப்பட்டது என்றெல்லாம் எழுத வேண்டும். அந்தக் கடைசிப் பகுதிக்கு நான் பல வருடம் எடுத்தது சோஃபோக்ளிஸின் அன்ரிகனி. போரில் இறந்த சகோதரனைப் புதைக்கக் கூடாது என்று அரசன் ஆணையிடுகிறான், சகோதரி அதை மீறுகிறாள். கிரேக்கத்தில் 2,400 வருடத்துக்கு முன்பு ஆடிய நாடகம். எங்கள் வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு அதை நான் நீட்டி விளக்க வேண்டி இருந்ததில்லை. வகுப்பில் மற்றவர்கள் "ஒரு உடலுக்காக ஏன் இவ்வளவு பிடிவாதம்?" என்று கேட்டபோது, எப்போதும் வாய் திறக்காத ஒரு தமிழ்ப் பிள்ளை எழும்பிப் பத்து நிமிடம் பேசினாள். எனக்கு அன்று கற்பிக்க வேலையிருக்கவில்லை.

இன்னொரு பிள்ளையைப் பற்றி கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மகளைப்போல அவளும் உயிரியலும் இரசாயனவியலும் எடுத்தவள். குழு உருவாக்கிய நாடகத்தில் அவளுக்கு ஒரு வயதான பெண்ணின் பாத்திரம். முதல் ஒத்திகையில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தாள். முதுகைக் கூனினாள், குரலை நடுங்க வைத்தாள், கையில் ஒரு தடி. நான் நிறுத்திவிட்டுக் கேட்டேன், "உன் வீட்டில் வயதானவர் யார் இருக்கிறார்?" அம்மம்மா இருக்கிறா என்றாள். "ஒரு கிழமைக்கு அம்மம்மா கதிரையை விட்டு எழும்புவதை மட்டும் பார். வேறொன்றும் பார்க்க வேண்டாம். பார்த்ததை எழுதிக்கொண்டு வா."

ஒரு கிழமை கழித்து ஒரு பக்கத்தில் எழுதி வந்தாள். அம்மம்மா எழும்ப முன்பு கதைப்பதை நிறுத்திவிடுவாவாம். முதலில் காலால் செருப்பு எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்ப்பா. பிறகு இரண்டு கையும் முழங்காலுக்கு வரும், கதிரையின் கைப்பிடிக்குப் போகாது. யாராவது பார்க்கிறார்கள் என்றால் இன்னும் வேகமாக எழும்பப் பார்ப்பா. நின்ற பிறகு உடனே நடக்கமாட்டா, சேலைத் தலைப்பைச் சரிசெய்வா. "தலைப்பு சரியாகத்தான் இருக்கு ரீச்சர், தலைசுற்று நிற்கும் வரைக்கும் அப்படிச் செய்கிறா என்று நினைக்கிறேன். எங்களுக்குத் தெரியக்கூடாது என்று." இது 17 வயதுப் பிள்ளை சொன்னது. தடியும் கூனலும் போய்விட்டன. ஆற்றுகை நாளன்று அவள் நேரான முதுகோடு எழும்பி, தலைப்பைத் தொட்டுக்கொண்டு மூன்று வினாடி நின்றாள். சபை அப்படியே அடங்கிப்போனது. அந்தப் பிள்ளையின் தாய் அன்றிரவே அம்மம்மாவை இரத்த அழுத்தம் பார்க்கக் கூட்டிப் போக நேரம் எடுத்ததாகப் பிறகு எனக்குச் சொன்னா.

நாடகம் படித்தால் நல்ல டொக்டராகலாம் என்று நான் சொல்ல வரவில்லை. அது இரசாயனவியலும் உழைப்பும் தரவேண்டிய விஷயம். ஆனால் ஒரு மனிதரை இப்படிப் பார்க்கப் பழக்குகிற வேறு பாடம் ஏ லெவலில் எனக்குத் தெரியாது. இங்கே பல மருத்துவ பீடங்களின் நேர்முகத் தேர்வு ஒரே மேசையில் நடப்பதில்லை. பிள்ளை பல சின்னச் சின்ன அறைகளுக்கு மாறிமாறிப் போகவேண்டும். சில அறைகளில் ஒரு நடிகர் கவலைப்படுகிற உறவினராகவோ கோபமான நோயாளியாகவோ இருப்பார், அவரோடு கதைக்க வேண்டும். மருத்துவம் படிக்கும்போதும் செய்முறைப் பரீட்சைகளில் நோயாளியாக நடிக்க நடிகர்களைக் கூப்பிடுகிறார்கள். அந்த அறைக்குள் போகிற அன்று, எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்டுப் பதில் சொல்லப் பழகிய பிள்ளைக்குக் கை நடுங்காது.

இதற்கு விலை நேரம். அதை நீங்களும் தெரிந்துகொண்டு ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்திகை பாடசாலை முடிந்த பிறகுதான். பரீட்சகர் வரும் நாள் நெருங்கினால் மதிய இடைவேளையும் போகும், சில சனிக்கிழமையும் போகும். எங்கள் சனத்துக்குச் சனிக்கிழமை என்றால் ரியூஷன். நான் கற்பித்த காலம் முழுவதும் எனக்கு வந்த பெரிய தலையிடி இதுதான். பெற்றோர் பாடத்துக்குச் சம்மதித்துவிடுவார்கள், ஒத்திகைக்குச் சம்மதிக்கமாட்டார்கள். இரசாயனவியல் வகுப்பை ஒரு நாள் தவறவிட்டால் உங்கள் பிள்ளைக்குத்தான் நட்டம். ஒத்திகைக்கு வராவிட்டால் மற்ற நாலு பிள்ளைகளும் சும்மா நிற்பார்கள். ஒருமுறை குழுவில் ஒரு பையனை வீட்டில் தொடர்ந்து மூன்று சனிக்கிழமை மறித்தார்கள். புள்ளி ஒவ்வொருவருக்கும் தனித்தனிதான், ஆனாலும் அவனோடு காட்சி இருந்த பிள்ளை என்னிடம் வந்து, "அவனைத் திட்டாதீங்கோ மிஸ், அவன் வரத்தான் விரும்புறான்" என்று அழுதாள். சம்மதம் கொடுத்தால் முழுதாகக் கொடுங்கள். ரியூஷன் நாளை இப்போதே மாற்றிக் கேளுங்கள்.

பாடசாலையிலும் சிலவற்றை விசாரிக்க வேண்டும். நாடகம் எடுக்கும் பிள்ளைகளின் தொகை பல வருடமாகக் குறைந்து வருகிறது, அதனால் போதிய பிள்ளைகள் சேராவிட்டால் சில பாடசாலைகள் வகுப்பையே நிறுத்திவிடுகின்றன. ஆவணியில் பெறுபேறு வந்து பதியப் போகும்போது "இந்த வருடம் நாடகம் இல்லை" என்று கேட்க வேண்டி வரலாம். இப்போதே கேட்டு வையுங்கள்: எத்தனை பேர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், எந்தப் பரீட்சைச் சபை, கற்பிப்பவர் நாடகத்துக்கென்றே பயின்ற ஆசிரியரா, ஒத்திகைக்கு இடமிருக்கிறதா, போன வருடப் பிள்ளைகள் என்ன பார்க்கப் போனார்கள். வருடத்தில் ஒரு நாடகத்துக்குத்தான் கூட்டிப் போகிறார்கள் என்றால் எனக்கு அந்தப் பாடசாலை பற்றி யோசனை வரும். நாடகம் பார்க்காமல் நாடகம் படிக்க முடியாது. தேம்ஸ் கரையில் நாஷனல் தியேட்டரும் குளோப் அரங்கும் ஒன்றுக்கொன்று நடக்கும் தூரத்தில் இருக்கின்றன, இளம் வயதினருக்கு நாஷனல் தியேட்டரில் குறைந்த விலை ரிக்கற் இருக்கிறது, குளோப்பில் முற்றத்தில் நின்று பார்ப்பதும் மலிவு. மகள் நடிக்கக் கூச்சப்படுகிற பிள்ளை என்றாலும் கவலையில்லை. ஒளி, ஒலி, காட்சி விதானிப்பு, வேட உடை என்று வடிவமைப்பிலும் பரீட்சை எழுதலாம், எந்தத் துறையை அந்தப் பாடசாலையில் கற்பிக்க ஆளும் வசதியும் இருக்கிறது என்பதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சேர்ந்த பிறகு மனம் மாறினால்? செப்ரெம்பரில் முதல் சில கிழமைக்குள் பாடம் மாற்ற அநேகமான பாடசாலைகள் விடுகின்றன. அதையும் தகப்பனுக்குச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு இழுத்தடிக்க வேண்டாம். மருத்துவத்துக்கான விண்ணப்பம் பதின்மூன்றாம் வகுப்பு ஒக்ரோபர் 15க்குள் போய்விட வேண்டும். அதற்கு முன்பு யூகற் என்ற மருத்துவ அனுமதிப் பரீட்சையும் இருக்கிறது. ஆகவே பன்னிரண்டாம் வகுப்புக் கோடை விடுமுறையை யூகற்றுக்கு விட்டுவைப்பது நல்லது.

உங்கள் கணவரின் உள்ளே இருக்கிற பயம் பாடத்தைப் பற்றியதல்ல என்றுதான் நான் நினைக்கிறேன். மகள் நடிகையாகிவிடுவாளோ என்பதுதான். அதற்கும் நேராகவே பதில் சொல்கிறேன். ராடா போன்ற நடிப்புக் கல்லூரிகள் பிள்ளையை நேரில் நடிக்கச் சொல்லிப் பார்த்து எடுப்பவை. ஏ லெவலில் நாடகம் படித்தால்தான் உள்ளே விடுவார்கள் என்பதில்லை. அதாவது, அந்த எண்ணம் ஒரு பிள்ளைக்கு இருந்தால் கணிதம் படிக்க வைத்து அதைத் தடுக்க முடியாது. இல்லாத பிள்ளைக்கு இந்தப் பாடத்தால் அது வந்துவிடுவதும் இல்லை. என்னிடம் படித்தவர்களில் மேடையைத் தொழிலாக எடுத்தவர்களை ஒரு கை விரலில் எண்ணலாம். தொழிலாக அது கடினமானது, வருமானம் நிச்சயமில்லாதது, அதைப் பிள்ளைகளிடம் நான் ஒருபோதும் மறைத்ததில்லை.

அவரோடு வாதாட வேண்டாம். அவரைக் கூட்டிக்கொண்டு போய் ஒன்றைக் காட்டுங்கள். மகளின் பாடசாலையில் மூத்த பிள்ளைகளின் ஆற்றுகை எப்போது என்று கேட்டு, மூன்று பேருமாகப் போய் இருந்து பாருங்கள். எங்கள் மொழியிலும் வாய்ப்பு இருக்கிறது. 1978இல் இலங்கையில் தொடங்கிய தமிழ் அவைக்காற்றுக் கழகம் பிறகு லண்டனிலும் நாடகங்களை மேடையேற்றி வந்திருக்கிறது. ரெனசி வில்லியம்ஸ் எழுதிய நாடகத்தை அவர்கள் 'கண்ணாடி வார்ப்புகள்' என்று தமிழில் போட்டார்கள். அதே நாடகத்தின் ஆங்கில மூலத்திலிருந்து ஒரு காட்சியை நான் இங்கே ஏ லெவல் பிள்ளைகளை வைத்துச் செய்திருக்கிறேன். உங்கள் கணவர் ஊரில் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கக் கூடும். கேட்டுப் பாருங்கள், அவரிடமும் ஒரு கதை இருக்கலாம்.

கடைசியாக அப்பாவின் விஷயம். இதைத்தான் நீங்கள் கடிதத்தின் அடியில் வைத்திருந்தீர்கள், ஆனால் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான். மகளிடம் சொல்லுங்கள். கணவரிடமும் நீங்களே சொல்லுங்கள், அவர் வேறு வழியில் கேள்விப்பட வேண்டாம். "கூத்தாடவா" என்று அவர் கத்தியபோது மாமனாரைத்தான் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு கூத்தை மேடையேற்றினார். பல்கலைக்கழகம் தேடிப்போய்க் கற்றுக்கொண்ட கலையை உங்கள் அப்பா வீட்டு முற்றத்திலிருந்தே கற்றிருக்கிறார்.

மகளுக்கு அது பாடத்திலும் நேரடியாக உதவும். எழுத்துப் பரீட்சையில் மேடையின் வடிவத்தைத் தெரிவுசெய்து, ஏன் அதைத் தெரிவுசெய்தாய் என்று காரணம் சொல்ல வேண்டும். சபை நாலாபக்கமும் சூழ்ந்திருக்கும் அரங்கை இங்கே புத்தகத்திலிருந்து படிப்பிக்கிறோம். கூத்தாடும் எங்கள் வட்டக்களரி அதுதான். எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினாலும் இன்னொரு பக்கத்துக்கு முதுகு தெரியும், அதை ஆடுபவர் எப்படிச் சமாளித்தார், வெளிச்சத்துக்கு என்ன செய்தார்கள், பின்னுக்கு இருந்தவருக்குப் பாட்டு எப்படிக் கேட்டது என்பதைத் தெரிந்த ஒருவர் அவளுடைய சொந்தக் குடும்பத்திலேயே இருக்கிறார். சொந்தமாக நாடகம் உருவாக்கும் பகுதியில் அந்த அசைவையும் தாளத்தையும் அவள் பயன்படுத்தலாம், குழுவுக்கும் கற்றுக் கொடுக்கலாம்.

அப்பா இன்னும் ஊரில் இருக்கிறார் என்றால் இந்த ஞாயிற்றுக்கிழமை வட்ஸ்அப்பில் எடுங்கள். மகளைப் பக்கத்தில் இருத்துங்கள். என்ன பாத்திரம் ஆடினார், யாரிடம் பழகினார், எத்தனை மாதம் பழகினார் என்று அவளே கேட்கட்டும், நீங்கள் மொழிபெயர்க்க மட்டும் உதவுங்கள். சிந்து நடையில் களரிக்குள் வரும்போது முதல் அடியை எந்தக் காலால் வைத்தார் என்று கேட்கச் சொல்லுங்கள். இருந்துகொண்டே கையால் காட்டப் பார்ப்பார், எழும்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். போனில் பதிவு செய்து வைக்க மறக்க வேண்டாம்.